அந்தக் கரையின் பேச்சு

1. மொழிச் சோதனை

“வழக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. மற்றபடி எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எலெனா நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சர்வதேச நீதிமன்றத்தின் சாட்சிப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்திருந்தவர் அவர். இடம், தஞ்சாவூரில் ஒரு அரசு அலுவலகத்தின் மாடியில் இருந்த வீடியோ கான்ஃபரன்ஸ் அறை. வெளியே ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு எதிரே வேட்டி சட்டையில் ஒரு பெரியவர். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் சாப்பாட்டுக் கூடையோடு. மறுநாள் அந்தப் பெரியவர் ஒரு நாட்டின் முன்னாள் அதிபருக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறார். அவர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவள் நான்.

இதை மொழிச் சோதனை என்பார்கள். சாட்சியின் பேச்சு மொழிபெயர்ப்பாளருக்கும், மொழிபெயர்ப்பாளரின் பேச்சு சாட்சிக்கும் புரிகிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்வது.

“ஐயாவுக்கு எந்தப் பக்கம்?” என்றேன்.

“குத்தாலம் பக்கம். நீங்க?”

“பொறந்தது கூத்தாநல்லூர். வேலைக்குன்னு தஞ்சாவூர் வந்தது, இங்கயே தங்கியாச்சு. நடவெல்லாம் ஆச்சுங்களா?”

“ஆச்சு, ஆயும் பிரயோஜனமில்ல. நட்ட மறுவாரமே மழை புடிச்சுக்கிச்சு. வடிகால் வாய்க்கால்ல ஆகாயத்தாமரை அடைச்சுக் கெடக்கு. தண்ணி எங்க வடியும்? பாதிப் பயிர் அழுகிப்போச்சு. திரும்ப நாத்து தேடணும்.”

அவர் மனைவி வசந்தா குறுக்கிட்டார். “வந்த எடத்துல இதெல்லாமா பேசுவாங்க? அந்தம்மாவுக்கு என்ன புரியப்போவுது?”

“புரியுதும்மா. எங்க மாமனாருக்கும் கொஞ்சம் நிலம் இருந்துச்சு” என்றேன்.

போதும் என்று எலெனா கையைக் காட்டினார். சோதனை முடிந்தது. பெரியவர் பேச்சில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. என் பெயர் ரஹ்மத் நிஷா. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவள். நிலத் தகராறு, பாகப் பிரிவினை, வாய்க்கால் சண்டை என்று சர்வீஸ் ஓடியது. அதற்குப் பிறகு சர்வதேச நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் தமிழுக்காக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் இருந்து எனக்கு வந்த ஒரே பெரிய வேலை இதுதான். சாட்சியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரைக் கோவிந்தராசு என்று அழைக்கிறேன். அது அவர் பெயரல்ல. ஊரையும் மாற்றியிருக்கிறேன். நாட்டின் பெயர் வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவில், பெரிய ஆறு ஒன்று கடலில் கலக்கிற, நெல் விளைகிற நாடு என்பது போதும்.

2. ஒருத்தன்தான் இருந்தேன்

கோவிந்தராசு விவசாயத் துறையில் ஃபீல்டுமேனாக வேலை பார்த்தவர். இளம் வயதில் அந்த நாட்டுக்கு ஒரு நெல் சாகுபடித் திட்டத்துக்காக டெபுடேஷனில் போனார். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் வரிசை நடவு சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு அறுவடைக்கு முன்னால் அந்தக் கிராமத்தை ராணுவம் அழித்தது. பல காலம் கழித்து அதிபர் ஆட்சியை இழந்து, பிடிபட்டு, நீதிமன்றத்துக்கு வந்தார்.

இந்த மாதிரி வழக்கில் எது கஷ்டம் என்று எனக்கு முதலில் தெரியாது. கொலைகள் நடந்தன என்பதை நிரூபிக்க இடிந்த வீடுகளும் தோண்டியெடுத்த எலும்புகளும் உண்டு. தலைநகரத்தில் உட்கார்ந்திருந்த மனிதர்தான் அதைச் செய்யச் சொன்னார் என்பதை நிரூபிக்க, அவர் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்ட ஒரு காது வேண்டும். வக்கீல்கள் இதை லிங்கேஜ் சாட்சி என்கிறார்கள். கீழே நடந்ததை மேலே இருந்தவரோடு முடிச்சுப் போடுகிற சாட்சி. அந்த முன்னாள் அதிபரின் வாதம் எளிமையானது: “ராணுவம் தானாகச் செய்தது, எனக்கு எதுவும் தெரியாது.”

மொழிச் சோதனை முடிந்து மழை விடக் காத்திருந்தபோது கோவிந்தராசுவின் செல்போன் அடித்தது. மகன். அந்த நாட்டுக்குப் பக்கத்து நாட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மேனேஜர். பெரியவருக்குக் காது மந்தம் இல்லை, ஆனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“அப்பா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வந்துடுங்க.”

“ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?”

“இங்கயும் அந்த ஆளுக்கு இன்னமும் கட்சிக்காரங்க இருக்காங்கப்பா. எங்க தெருவுலயே போஸ்டர் ஒட்டியிருக்கானுங்க.”

“என் பேரு வெளிய வராதுடா. மூஞ்சிய மறைச்சு, கொரலக்கூட மாத்தித்தான் வெளிய விடுவாங்களாம்.”

“மாத்தினா? தமிழ்ல பேசுறது ஒருத்தன், நெல்லு திட்டத்துல இருந்தவன். அந்த ஊர்ல எத்தன தமிழன் இருந்தான்? நீங்க ஒருத்தர்தானே இருந்தீங்க?”

கோவிந்தராசு போனை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தார்.

“அதுக்குத்தாண்டா போறேன். நான் ஒருத்தன்தான் இருந்தேன்.”

“சரி. பிரஷர் மாத்திரையப் போட்டுக்கிட்டுப் போங்க” என்று மகன் போனை வைத்துவிட்டார். எலெனாவுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. பெரியவரிடம் அனுமதி கேட்டு, மகனின் எண்ணை வாங்கிக்கொண்டு வராண்டாவுக்குப் போனார். வழக்கு முடியும்வரை மகனை வேறு ஊருக்கு மாற்றிப் பாதுகாத்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

3. காலி பண்ணு

மறுநாள் பிற்பகல், நீதிமன்றம் இருக்கும் ஊரில் காலை, வீடியோ இணைப்பு வந்தது. திரையை நான்கு கட்டமாகப் பிரித்திருந்தார்கள். நீதிபதிகள், வழக்குத் தொடுத்த தரப்பு, எதிர்த்தரப்பு, நான்காவதில் முன்னாள் அதிபர். கோட்டும் டையும் போட்ட, தலை நரைத்த, மெலிந்த மனிதர். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்தான். ஆனால் விசாரணையைத் தன் தாய்மொழியில்தான் கேட்பேன் என்று கோரியிருந்தார். அது அவர் உரிமை. ஆகவே நான் சொல்லும் ஆங்கிலத்தை, அங்கே கண்ணாடி பூத்துக்குள் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவர் மொழிக்கு மாற்றி அவருடைய ஹெட்ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை.

சாட்சிக்கு ஆதரவாகக் குடும்பத்தில் ஒருவர் உடன் இருக்கலாம். வசந்தா அறையின் மூலையில் உட்கார்ந்தார்.

வழக்குத் தொடுத்த தரப்பின் வக்கீல் கேட்டார், அதிபரை நேரில் பார்த்தீர்களா என்று.

“பாத்தேங்க. ஹெலிகாப்டர்ல வந்து எறங்கினாரு. வயலுக்குள்ள எறங்கி, கதிரத் தடவிப் பாத்து, நல்ல நெல்லுன்னு என்கிட்ட இங்கிலீஷ்ல சொன்னாரு. அப்புறம் கொட்டாயில ஒக்காந்து சாப்பிட்டாரு. பக்கத்துல தளபதி. நான் தண்ணி எடுத்துக் குடுத்துக்கிட்டு நின்னேன்.”

“அப்போது என்ன பேசினார்கள்?”

“அவங்க பாஷையில பேசினாங்க. இந்தக் கரையில வெளையிறதெல்லாம் ஆத்துக்கு அந்தாண்ட இருக்குற கலகக்காரனுக்குத்தான் போகுது, அறுப்புக்கு முன்னாடி கரையக் காலி பண்ணிடுன்னாரு. தளபதி என்னையக் காட்டி, இந்த ஆளு நிக்கிறானேன்னாரு. இவனுக்கு நெல்லு பேசினாத்தான் புரியும், நாம பேசினா புரியாதுன்னு சொல்லி அதிபர் சிரிச்சாரு.”

நான் அங்கே நின்றுவிட்டேன். ‘காலி பண்ணு’ என்பதை என்னவென்று சொல்வது? வீட்டைக் காலி பண்ணு என்றால் வெளியேறு. ஆளைக் காலி பண்ணிவிட்டான் என்றால் கொன்றுவிட்டான். இரண்டும் அதே சொல். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான் தீர்ப்பு எழுதியவளாகிவிடுவேன். ஒரு இடத்தை வெறுமையாக்குவது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டு, அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை மொழிபெயர்ப்பாளரின் குறிப்பாக நீதிமன்றத்துக்குத் தெரிவித்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். போர் நடக்கும் இடத்திலிருந்து மக்களை வெளியேற்றச் சொல்வது எந்த அதிபரும் செய்வதுதானே என்றார். ஃபீல்டுமேன் ஒருவருக்கு அந்த மொழி எந்த அளவுக்குத் தெரியும் என்பதையும் நீதிமன்றம் யோசிக்க வேண்டும் என்றார். கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

தலைமை நீதிபதி சொன்னார்: “சாட்சி அந்த வாக்கியத்தை, தான் கேட்டது போலவே, அந்த மொழியிலேயே சொல்லட்டும்.”

இதைத் தமிழில் சொன்னதும் கோவிந்தராசு என்னைத் திரும்பிப் பார்த்தார். “பேசியே பல வருஷம் ஆச்சேம்மா” என்றார். சாட்சி சொல்வது எதுவானாலும் மொழிபெயர்க்க வேண்டும். அதையும் சொன்னேன்.

“அவசரமில்லை” என்றார் நீதிபதி.

4. பூத்துக்குள் இருந்த பெண்

கோவிந்தராசு கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு பேசினார்.

எனக்கு அந்த மொழி ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அவர் குரல் மாறியது தெரிந்தது. ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் ஒரு இழுப்பு; வயலின் அந்தக் கோடியில் நிற்கும் ஆளைக் கூப்பிடுவது போல. ஒரு வாக்கியம்தான். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

பூத்திலிருந்து ஆங்கிலம் வர வேண்டும். வரவில்லை.

திரையில் நான்காவது கட்டத்தைப் பார்த்தேன். முன்னாள் அதிபர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். அவருக்கு அப்போது யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. திரையை, அதாவது எங்கள் அறையை, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பெண்ணின் குரல் ஆங்கிலத்தில் வந்தது. “மன்னிக்க வேண்டும், தலைமை நீதிபதி அவர்களே. மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெரிவிக்க வேண்டும்.” குரல் நடுங்கியது. “சாட்சி பேசுவது தலைநகரத்து மொழி அல்ல. ஆற்றின் கிழக்குக் கரையில் சில கிராமங்களில் மட்டும் இருந்த பேச்சு. என் தாயின் பேச்சு. இதை வெளியாள் ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. நான் தொடர்வதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் விலகிக்கொள்கிறேன்.”

நீதிபதி இரு தரப்பையும் கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் குனிந்து முன்னாள் அதிபரிடம் ஏதோ கேட்டார். அவர் தலையை மட்டும் அசைத்தார். ஆட்சேபணை இல்லை என்று வக்கீல் அறிவித்தார்.

பிறகுதான் பூத்துப் பெண், ‘காலி பண்ணு’ என்ற இடத்தில் சாட்சி சொன்ன அந்தச் சொல்லை விளக்கினார். தலைநகரத்தில் அதற்கு ‘சுத்தம் செய்’ என்று பொருள். கிழக்குக் கரையில் வேறு பொருள் இருப்பதாகத் தனக்குத் தெரியும், ஆனால் இதைச் சொல்ல வேண்டியது ஒரு மொழி நிபுணர், தான் அல்ல என்றார். அந்த இடத்தில் அவரை மனதுக்குள் கும்பிட்டேன். நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளும்போதும் தன் எல்லையில் நின்றார். நிபுணர்கள் பின்னால் வந்து, கிழக்குக் கரையில் அதற்கு வேறு பொருள் உண்டு என்பதை உறுதிப்படுத்தினார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கோவிந்தராசுவிடமே கேட்டார்: “அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொன்னது யார்?”

“ஃபாத்துன்னு ஒரு பொண்ணுங்க. எங்க நடவு ஆளுங்களுக்குத் தலைவி. வயல்ல ஒருவகைக் கோரை மண்டும். மேலாப்புல அறுத்தா திரும்ப வந்துடும். வேரோட புடுங்கி, வரப்புல கொட்டி, காஞ்சதும் கொளுத்திடுவாங்க. அதுக்குத்தான் அந்த வார்த்தை. அதிபரும் அன்னிக்குத் தளபதிகிட்ட அந்தக் கரைப் பேச்சுலதான் பேசினாரு. ஆளுங்கள எடம் மாத்துறதுக்கு வேற வார்த்தை இருக்கு, அதுவும் எனக்குத் தெரியும்.”

அதையும் அந்த மொழியில் சொன்னார். வக்கீல் குறிப்பேட்டை மூடினார். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

5. பால் பிடித்த கதிர்

கடைசியாக வழக்குத் தொடுத்த தரப்பின் வக்கீல் கேட்டார்: “கேட்ட பிறகு என்ன செய்தீர்கள்?”

“ஃபாத்துகிட்டப் போயிச் சொன்னேன். அதிபரு இப்பிடிச் சொன்னாரு, ஆத்தத் தாண்டிப் போயிடுங்கன்னு. நம்பல. கொஞ்ச நேரம் என் மொகத்தையே பாத்தா. அப்புறம் நம்பிட்டா. ஆனா போகல.”

“ஏன்?”

“‘கதிர் பால் புடிச்சு நிக்கிது. இத விட்டுட்டு எங்க போயி என்னத்தத் திங்கிறது? புள்ளைங்க பசியில சாவும்’னா. நான் எவ்வளவோ சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலமே திட்டத்து ஆபீசுலேர்ந்து லாரி வந்து என்னைய ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் நிவாரணக்காரங்களோட திரும்பிப் போனப்ப கரையில யாருமில்ல. வயல் பூரா கரி.”

கதிர் பால் பிடிப்பது என்றால் என்ன என்று டெல்டாவில் யாருக்கும் சொல்ல வேண்டாம். மணியை நசுக்கினால் வெள்ளையாகப் பால் வரும்; இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் அரிசி. அதற்கான ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும், சொன்னேன். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டேன். நீதிபதி சிறிது நேரம் இடைவேளை விட்டார்.

மூலையிலிருந்து வசந்தா எழுந்து வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கணவர் இதில் ஒரு வரிகூட அவரிடம் சொன்னதில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தார். எலெனா மென்மையாகக் கையைக் காட்டினார். சாட்சி முடியும்வரை அவரோடு சாட்சியத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. மனைவியும் பேசக் கூடாது. நான் தமிழில் சொன்னேன்.

வசந்தா தலையாட்டினார். கூடையைத் திறந்து, வாழையிலை நறுக்கை விரித்து, தயிர் சாதத்தை வைத்தார். தாளித்த மிளகாயைத் தேடித்தேடிப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்.

“நார்த்தங்கா போதுமா?” என்றார்.

“போதும்.”

“இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்க.”

அவ்வளவுதான் பேசினார்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வசந்தா ஒரு கையை அவர் முதுகில் வைத்திருந்தார். எலெனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

6. தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வர வெகுகாலம் ஆயிற்று. சில குற்றச்சாட்டுகளில் முன்னாள் அதிபர் விடுதலை. கிழக்குக் கரைக் கிராமங்கள் விஷயத்தில் குற்றவாளி. அவர் மேல்முறையீடு செய்தார், அதுவும் தள்ளுபடியானது. அதுவரை நான் கோவிந்தராசுவைப் பார்க்கவோ அவரோடு பேசவோ கூடாது, பேசவில்லை.

அதற்குப் பிறகு எலெனாவிடமிருந்து போன் வந்தது. பூத்துப் பெண் நீதிமன்றத்துக்கு ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார், அந்தச் சாட்சி சம்மதித்தால் அவரோடு ஒரு முறை பேச விரும்புகிறார் என்றார். கோவிந்தராசு சம்மதித்துவிட்டார். தேவைப்பட்டால் மொழிபெயர்க்க நான் அங்கே இருக்க முடியுமா?

தை மாதம். குத்தாலம் பக்கம் அறுப்பு மிஷின்கள் சாலையை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. வசந்தா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்கம்மா, வாங்க. அன்னிக்கு ஒரு வாய் காப்பிகூடக் குடுக்க முடியாமப் போச்சு.” உள்ளே உட்கார்ந்ததும் கேட்டார், “அந்த அதிபருக்கு எத்தன வயசிருக்கும்?”

“எண்பதத் தாண்டியிருக்கும்.”

“ஜெயில்ல வேளைக்குச் சோறு போடுவாங்கல்ல?”

“போடுவாங்கம்மா. டாக்டர்கூட உண்டு.”

“போடட்டும்” என்றார். கோபமாகவும் இல்லை, இரக்கமாகவும் இல்லை. சோறு என்றால் யாருக்கும் போட வேண்டும் என்கிற குரல்.

வீடியோ கால் வந்தது. திரையில் நாற்பது வயதுக்குள் ஒரு பெண், கண்ணாடி போட்டிருந்தார். முதலில் எல்லோருக்குமாக ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் சொன்னேன். அவர் தாய் அந்தக் கிராமத்துக்காரர். இந்தப் பெண்ணைக் குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டியவர். இந்தியாக்காரன் காதால் கேட்டதாக ஃபாத்து வீடு வீடாகப் போய்ச் சொன்னாளாம். போகிறவர்களின் தோணியில் தன் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிவிட்டாளாம். அவள் மட்டும் பயிரோடு நின்றுவிட்டாள்.

கோவிந்தராசு மேல்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் யாரும் போகவில்லை என்பதுதான். அத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் புள்ளைங்க?” என்றார் துண்டுக்குள்ளிருந்து.

நான் ஆங்கிலத்தில் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே துண்டை இறக்கிவிட்டு அந்த மொழியில் கேட்டுவிட்டார். திரையில் அந்தப் பெண் சிரித்தார், கண் நிறைந்துபோய். இரண்டு விரலைக் காட்டிப் பதில் சொன்னார், அதே மொழியில். கோவிந்தராசு ஏதோ தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பெண் திருத்தினார், இவர் திரும்பச் சொல்லிப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள். பேச்சு போய்க்கொண்டே இருந்தது.

வசந்தா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். “என்னம்மா பேசிக்கிறாங்க?”

“தெரியலம்மா.”

“நீங்க கேட்டுச் சொல்லலாம்ல?”

“வேணாம்மா. அவங்க பேசட்டும்.”

சர்வீஸ் முழுவதும் இரண்டு பேருக்கு நடுவில் நின்றவள் நான். ஒரு அறையில் நாலு பேர் பேசினால் என் வழியாகத்தான் பேச வேண்டும் என்று பழகியவள். அன்றைக்கு என் வேலை இன்றியே ஒரு கதை முழுதாகப் போய்ச் சேர்ந்தது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் கடத்துவது பழகப் பழக வந்துவிடும். எதிரெதிரே இருக்கிறவர்கள் தாங்களே பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டால், வாயை மூடிக்கொண்டு எழுந்து நகரத் தெரிய வேண்டும். அதற்கு யாரும் பயிற்சி கொடுக்க மாட்டார்கள்.

நான் எழுந்து, வசந்தாவோடு காப்பி போட அடுப்படிக்குப் போனேன்.